ஐயம்பேட்டைக்கு ஒரு காலி அடைப்புக்குறி

ரிகர்ஷன் என்ற சமாசாரத்தை நான் கற்றுக்கொண்டது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில். கீழே கல்யாணக் கூட்டம் புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் பதினெட்டுப் பேர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கர்ப்பகிரகத்துக்குள் நுழைகிற பக்தியோடு ஏசி அறைக்குள் நுழைவோம். தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் படுத்துவிடும், அதை எழுப்பி உட்காரவைக்க அமெரிக்காக்காரன் ஆள் தேடுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் சாருக்கு எங்களைவிட ஒரு பேட்ச் அனுபவம் அதிகம், அதாவது ஆறு மாதம்.

அவர் ஒருநாள் போர்டில் ஐந்து ஃபேக்டோரியல், அதாவது ஐந்திலிருந்து ஒன்றுவரை பெருக்கிக்கொண்டே போகிற கணக்கு, போட்டு, "ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கும், அதான் ரிகர்ஷன்" என்றார். எதற்காகக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "எக்ஸாம்ல வரும்மா" என்றார். அதுவரை காஞ்சிபுரத்தில் எவருக்கும் ஐந்து ஃபேக்டோரியல் தேவைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேவைப்பட்டிருந்தாலும் கையால் பெருக்கியிருப்பார்கள்.

அடுத்த வாரம்தான் விஷயம் சூடுபிடித்தது. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள்ளும் பட்டியல் இருந்தால் என்ன செய்வது? சார் சொன்ன வழி இதுதான். பட்டியலைக் கையில் எடு. ஒவ்வொன்றாகப் பார். பார்த்தது ஒரு பெயரென்றால் அச்சடி. பார்த்தது இன்னொரு பட்டியலென்றால் அதற்குள் போய், இதே வேலையை முதலிலிருந்து செய்துவிட்டு வா. காலிப் பட்டியலென்றால் பேசாமல் திரும்பிவிடு. கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் மூன்று முறை அழுத்திச் சொன்னார். "எம்ப்டி கண்டிஷனை முதல் வரியா எழுதுங்க. அதை விட்டவன் மாட்டிக்கினு முழிப்பான்." நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். எனக்கு எல்லாவற்றையும் அடிக்கோடு போடுகிற வியாதி உண்டு.

பட்டியலுக்குள் பட்டியல் என்றதும் மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சொறிய வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் கல்யாண நோட்டு.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்து ஜைனர்கள். இந்தி பேசுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழும், நெல் விவசாயமும், சூரியன் விழுவதற்குள் சாப்பிட்டு எழுவதும்தான். சின்னச் சமூகம். ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். யாரையாவது வழியில் பார்த்து "இவர் யார்" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வராது. "நம்ம மாகறல் பெரியப்பாவோட சம்பந்திக்குத் தம்பி மருமகன்" என்று வரும். இந்த வலையை முழுதாக வைத்திருந்தது அப்பாவின் நோட்டுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. மேலே ஊரும் உறவும். கீழே வீட்டுத் தலைவர் பெயர், அவருக்கடியில் மகன்கள், ஒவ்வொரு மகனுக்குள்ளும் அவன் பிள்ளைகள், பக்கத்திலேயே "சம்பந்தி வீடு, பக்கம் பதினாலு பார்க்க" என்று ஒரு குறிப்பு. கடைசிப் பக்கங்களில் சொந்தமில்லாத பழக்கக்காரர்கள். பெண்கள் பெயர் கிடையாது. அவர்கள் "குடும்பத்தினர்" என்ற சொல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் என்றில்லை, நான் பார்த்த எல்லாக் கல்யாண நோட்டும் அப்படித்தான். என் பெயரும் அதில் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

கோர்ஸ் முடிவதற்குள் எனக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டார். "கம்ப்யூட்டர் பொண்ணு" என்று தரகர் சொன்னதில் என் மதிப்பு ஏறியிருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும் என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் சர்ட்டிஃபிகேட் வேண்டும், அதற்கு ஒரு ப்ராஜக்ட் வேண்டும். மற்றவர்களெல்லாம் போன பேட்ச்சின் ஃப்ளாப்பியிலிருந்து "லைப்ரரி மேனேஜ்மென்ட்" என்பதைக் காப்பியடித்து, அதில் லைப்ரரி என்ற இடத்தில் ஹாஸ்பிடல் என்று மாற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் பெரிய இவளாட்டம், என் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை ரிகர்ஷனால் எடுத்துக் காட்டுகிறேன் என்று அறிவித்தேன்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அத்தை, அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே, "இந்த வீட்ல என்னால முடியாது" என்று பெட்டியோடு திரும்பி வந்தவர். அண்ணன் வீட்டிலும் தங்காமல் பரீட்சை எழுதித் தபால் ஆபீஸில் வேலை வாங்கி, ஐயம்பேட்டையில் தனியாக இருந்தார். என் பள்ளி விடுமுறையெல்லாம் அவர் வீட்டில்தான் கழிந்தது. முகவரி சரியில்லாத கடிதங்கள் எங்கெங்கே சுற்றி வந்தன என்று கதை சொல்வார். மாப்பிள்ளை அமைந்ததும் "படிச்சது போதும், நிறுத்து" என்று அப்பா சொன்னபோது, அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "முடிக்கட்டும்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். அப்பா முடிக்க விட்டார். அத்தை கை மஞ்சள்தான் என் கன்னத்தில் முதலில் பட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் தட்டினேன். வீடு என்றால் அடைப்புக்குறி திற, பெயர்களை எழுது, மகன் வீடென்றால் உள்ளே இன்னொரு அடைப்புக்குறி, முடிந்ததும் மூடு. "பக்கம் பதினாலு பார்க்க" என்று வந்தால் அந்தப் பக்கத்து வீட்டையும் இதே ஃபங்ஷனுக்குக் கொடு. முதல் முறை ஓட்டியபோது பிரின்டர் கிறீச்சென்று ஆரம்பித்தது. மாகறல் பெரியப்பா, அவர் பிள்ளைகள், அவர் சம்பந்தியான ஆரணி வீடு. பிறகு மறுபடி மாகறல் பெரியப்பா, மறுபடி ஆரணி. பெரியப்பா ஆரணி வீட்டுக்குப் பெண் கொடுத்து, அதே வீட்டிலிருந்து பெண் எடுத்திருந்தார். இவர் பக்கத்தில் அவர், அவர் பக்கத்தில் இவர். மாகறலுக்கும் ஆரணிக்கும் ஃபங்ஷன் போய்ப்போய் வந்தது. காகிதம் தரையில் மடிந்து மடிந்து முழங்கால் உயரத்துக்கு ஏறியது. சார் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "சொந்தம்னா அப்படித்தாம்மா. எங்க போய் முடியும்?" என்றார்.

போன வீட்டுக்கு ஒரு அடையாளம் வை, அடையாளம் இருந்தால் மறுபடி உள்ளே போகாதே என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு பட்டியல் அழகாக வந்தது. ஒரு பெயர்கூட இரண்டு தடவை வரவில்லை. நேரில் போய்த் தட்டோடு அழைக்க வேண்டியவர்கள் ஒரு தாளில், தபாலில் அனுப்ப வேண்டியவர்கள் இன்னொரு தாளில். தூரத்து ஊரோ வெறும் பழக்கமோ என்றால் தபால், நெருங்கிய சொந்தமென்றால் நேரில். அப்பா அதைக் கையில் வாங்கிய விதம், ஏதோ ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார். வந்தவர் போனவரிடமெல்லாம், "கம்ப்யூட்டர் லிஸ்ட். பொண்ணு போட்டது. தப்பே வராது" என்று காட்டினார். முப்பது வருஷம் உழைத்த நோட்டு அன்றே பரணுக்கு ஏறியது. "எதுக்கும் நோட்டையும் ஒரு தரம் பாத்துக்குங்க" என்று அம்மா சொன்னார். "உனக்கு என்னா தெரியும்?" என்று அப்பா கேட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

நேரில் அழைக்கும் தாள் அப்பாவிடம், தபால் தாள் என்னிடம். அப்பா தட்டும் குங்குமமுமாக ஊர் ஊராகப் போனார். நான் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவி, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டேன். எல்லாம் தாளில் இருந்தபடி, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து. கல்யாண வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்த குடும்பம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தபோது அம்மா நலங்குச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "ஐயம்பேட்டைலேர்ந்து இன்னும் ஒரு எட்டு வந்து பாக்கலியே. அவங்க இல்லாம நலங்கை எப்படி ஆரம்பிக்கிறது?"

"வருவா. பத்திரிகைதான் போயிருக்குமே" என்றார் அப்பா.

"போயிருக்குமேன்னா? நீங்க நேர்ல போயி வெக்கல?"

"என் தாள்ல வரலியே. தபால்ல போயிருக்கும்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் தாளிலும் அத்தை வரவில்லை. நெருங்கிய சொந்தம், அப்பா தாளில் இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். கூடப்பிறந்த தங்கையை அழைக்க ஒரு மனுஷனுக்குத் தாள் எதற்கு என்று அம்மா கேட்டார். அப்பா பிளாஸ்டிக் உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பின்பக்கத்திலும் அத்தை இல்லை.

சென்டருக்கு ஓடினேன். ஃபைலைத் திறந்து தேடினேன். இருந்தது: "ஐயம்பேட்டை, தங்கை வீடு." அதற்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி திறந்து, உடனே மூடியிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பரணிலிருந்து நோட்டை இறக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒருகாலத்தில் அத்தையின் கணவர் பெயர் இருந்திருக்கிறது. அத்தை பெட்டியோடு வந்த வருஷம் அதை அடித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக எந்தப் பெயரையும் எழுதவில்லை. வீட்டில் ஆண் இல்லை, எழுத என்ன இருக்கிறது? நோட்டைக் கண்ணால் படித்த காலத்தில் மேலே "தங்கை" என்று பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிடும். நான் தட்டும்போது பெயரைத் தேடினேன், இல்லை, திறந்த குறியை மூடினேன். ஃபங்ஷன் உள்ளே போனது. காலி. சார் சொல்லிக்கொடுத்தபடி பேசாமல் திரும்பிவிட்டது. ப்ரோக்ராமில் ஒரு பிழையும் இல்லை. "நோட்டுதான் சரியில்ல" என்று முனகினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அம்மா.

மறுநாள் மத்தியானம் அப்பாவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனோம். ஆறு பேர் உட்காரும் ஆட்டோவில் பதினோரு பேர். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் என் மடியில். "கல்யாணத்துக்கு அழைக்கவாம்மா? யாரு, ரொம்பத் தூரத்துச் சொந்தமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அப்பா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தை கவுன்டருக்குப் பின்னால் கடிதங்களுக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"வாங்க. ஸ்டாம்பா, மணியார்டரா?"

"பத்திரிகை வெக்க வந்தோம்மா" என்றார் அப்பா.

"யாருக்கு?"

"என்னாம்மா இப்படிக் கேக்கற? உனக்குத்தான்."

"ஐயம்பேட்டைக்கு நாலு வந்துச்சு அண்ணா. நான்தான் சீல் குத்தினேன். தறிக்காரருக்கு ஒண்ணு. ரைஸ் மில்லுக்கு ஒண்ணு. ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு ஒண்ணு. மாட்டு டாக்டருக்கு ஒண்ணு. நீங்க மாட்டை வித்து ஏழு வருஷம் ஆவுது, அவருக்கு வந்துச்சு. சரி, நமக்கு நேர்ல வருவாங்கன்னு இருந்தேன். வரல. அப்புறம் அடுத்த தபால் பையில வரும்னு பாத்தேன். தெனம் பையைப் பிரிக்கிறவளே நான்தான். பதினோரு நாள் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கினு இருந்தேன்."

"கம்ப்யூட்டர் பண்ண தப்பும்மா அது" என்று அப்பா என்னைக் கையால் காட்டினார்.

நான் சொன்னேன். பட்டியலுக்குள் பட்டியல், உள்ளே போவது, பெயர் இருந்தால் அச்சடிப்பது, காலியாக இருந்தால் திரும்பிவிடுவது. அத்தை சீல் கட்டையைக் கீழே வைத்தார்.

"எனக்கு நேரா என்னா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல அத்தை. காலி."

"காலியா?" அவர் பக்கத்தில் மடித்து வைத்திருந்த தபால் பைகளைத் தட்டினார். "பை காலின்னா நாங்க அப்படியே தூக்கிப் போட மாட்டோம்மா. உள்பக்கத்தை வெளிய திருப்பி உதறணும். ரூல் அது. மூலையில ஒரு லெட்டர் ஒட்டிக்கினு இருக்கும். இவ்ளோ படிச்சீங்களே, உங்க சென்டர்ல இதச் சொல்லித் தரலியா?" பிறகு அப்பாவைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார். "உன் மிஷின் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அது உள்ள வரிக்குமாவது வந்துட்டுத் திரும்பிச்சு. உங்கப்பா வாசல் வரிக்கும்கூட வரல."

அப்பா அவசர அவசரமாகப் பையிலிருந்து உறையை எடுத்தார். அதில் "திரு." என்று அச்சிட்டிருந்தது, கடைசியில் "குடும்பத்தினர்" என்றும். நடுவில் கோடு. பேனாவைத் திறந்தவர் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டார். அத்தை உறையை வாங்கி, "திரு." என்பதை அடித்தார், "குடும்பத்தினர்" என்பதையும் அடித்தார், மிச்சமிருந்த கோட்டில் தன் பெயரைத் தானே எழுதினார். தட்டை மட்டும் தொடவில்லை.

"இது சர்க்கார் டேபிள், தட்டெல்லாம் வெக்கக் கூடாது. பத்திரிகையைத் தபால்லயே போடுங்க. மாட்டு டாக்டருக்கு எப்படியோ அப்படி."

அப்பா தங்கையிடமே ஸ்டாம்பு வாங்கி, நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டி, வெளியே போய்ச் சிவப்புப் பெட்டியில் போட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அழுதேன். அத்தை என்னை அழாதே என்று சொல்லவில்லை. சீல் கட்டையை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து குத்த ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே ப்ரோக்ராமில் ஒரு வரியை மாற்றினேன். காலி என்றால் பேசாமல் திரும்பாதே, வீட்டின் பெயரை அச்சடித்துவிட்டு நில். பத்து நிமிஷ வேலை. ஆனால் சாரிடம் நான் கொடுத்திருந்தது பழைய ஃப்ளாப்பி. அதற்கு ஏ கிரேடு வந்தது. "எம்ப்டி கண்டிஷன் எக்ஸலன்ட்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

நலங்கன்று அத்தை வரவில்லை. மனையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போகிறது என்றார்கள். மாகறல் பெரியம்மா முதல் நலங்கு வைத்தார். நல்லவர்தான், பாவம். அவர் கை பட்டதும் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் அழுதால் நல்லது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

கல்யாணத்துக்கு வந்தார். முகூர்த்த நேரத்துக்குச் சரியாக, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக. தறிக்காரர் குடும்பத்துக்குப் பக்கத்தில், நடு வரிசையில் உட்கார்ந்தார். அம்மா போய்க் கையைப் பிடித்து முன்னால் கூப்பிட்டார். "இருக்கட்டும், இங்கியே நல்லா தெரியுது" என்றாராம். எல்லாரையும் போல அட்சதை போட்டார். பந்தியில் எல்லாரையும் போல சாப்பிட்டார். மேடைக்கு வந்து என் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மண்டப வாசலில் அப்பா தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் அத்தை வந்தபோது பை கொடுக்கத் தோன்றாமல் நின்றார். அத்தையே மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். எத்தனையோ முறை எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் "வரேன்ணா" என்பார். அன்று கை கூப்பினார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க. வரேங்க" என்றார்.

அப்பாவும் பதிலுக்குக் கை கூப்பிவிட்டார், பழக்கத்தில். பின்னால் மாட்டு டாக்டர் காத்துக்கொண்டிருந்தார்.